ஊர் கொடுக்கும் இடம்

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்களுள் ஹண்டிங்டன் நோய் ஒரு முரணைத் தன்னுள் கொண்டது. உலகக் கணக்கில் அது அரிய நோய். ஐரோப்பிய வம்சாவளி மக்களிடையே லட்சம் பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கும், கிழக்காசியாவில் அதைவிட மிகக் குறைவானவர்களுக்குமே அது காணப்படுகிறது. ஆனால் அது புகுந்துவிட்ட குடும்பத்தில் அரிய நோயாக இருப்பதில்லை; நோயுற்ற தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், அதைப் பெறுவதற்குச் சரிபாதி வாய்ப்போடுதான் பிறக்கிறது. தெருவில் ஒருவரும் பெயர்கூடக் கேட்டிராத நோய்க்கு ஒரே வீட்டில் பாட்டி, தந்தை, அத்தை, மகன் என அடுத்தடுத்து ஆளாகும்போது, அந்த வீட்டார் ஊருக்குள் இருந்துகொண்டே ஊரிலிருந்து ஒதுங்கிப் போகிறார்கள். இந்நோயோடு நன்றாக வாழ இயலுமா என்ற கேள்விக்கு மருத்துவமனை பாதி விடையைத்தான் தர முடியும் என்பதையும், நோயாளிக்கு அவரைச் சுற்றியிருப்போர் எத்தகைய இடத்தைத் தருகிறார்கள் என்பதில் மீதி விடை அடங்கியிருக்கிறது என்பதையும் இந்நோயின் நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு காட்டுகிறது.

நோயின் மூலம் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. ஹண்டிங்டின் என்னும் புரதத்தை உருவாக்கும் அம்மரபணுவின் தொடக்கப் பகுதியில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோரிடம் இது 27 முறைக்கும் குறைவாகவே வரும். 36 முதல் 39 வரை இருந்தால் நோய் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். 40ஐ எட்டிவிட்டால் வழக்கமான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும். இவ்வாறு நீண்டுவிட்ட புரதம், மூளையின் ஆழத்தில் அசைவையும் செயலூக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியின் நரம்பணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. அறிகுறிகள் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில், பலருக்கும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், தலைகாட்டுகின்றன. அதன்பின் 15 முதல் 20 ஆண்டுகள் வரை நோய் நீள்கிறது. அசைவு, சிந்தனை, மனநிலை ஆகிய மூன்றும் ஒருசேரக் குலைவதே இதன் தனித்தன்மை.

இம்மூன்று குலைவுகளும் பார்ப்பவர் கண்ணுக்கு நோயாகத் தெரிவதில்லை என்பதுதான் துயரத்தை இரட்டிப்பாக்குகிறது. கை, தோள், முகம் ஆகியவை தம் விருப்பமின்றித் துள்ளி நெளிவதைக் கொரியா என்பார்கள். அந்த அசைவோடு நடப்பவரைத் தெருவில் காண்போர் குடிகாரர் என்று முடிவுகட்டுகிறார்கள். எதையும் தொடங்கும் உந்துதல் வற்றிப்போவதைச் சோம்பல் என்றும், சட்டென்று மூளும் சினத்தைக் குணக்கேடு என்றும் வீட்டாரே எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்குத் தம் உடல் அசைகிறது என்பதே தெரியாது. தம்மிடம் நேரும் மாற்றத்தை உணரும் திறனையும் நோய் பறித்துவிடுவதால், அவர்கள் மறுப்பது பிடிவாதத்தால் அன்று. ஆக, இந்நோயாளி தம்மைப் பற்றிப் பிறருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை மிகுதியாக இருக்கும் அதே வேளையில் விளக்கும் ஆற்றலை இழந்துகொண்டிருக்கிறார். அவருக்காக அறிந்து வைத்திருக்கும் மனிதர்கள் சுற்றிலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அத்தகைய மனிதர்கள் இருந்த ஓர் ஊரிலிருந்தே நோய்க்குப் பெயரும் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில் உள்ள ஈஸ்ட் ஹாம்ப்டனில் பாட்டனும் தந்தையும் மருத்துவம் பார்த்த குடும்பத்தில் 1850இல் பிறந்த ஜார்ஜ் ஹண்டிங்டன், 1872ஆம் ஆண்டு, தமது 22ஆம் வயதில், கொரியா பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் இறுதிப் பகுதியில், பரம்பரையாக வருவது, மனநோய்க்கும் தற்கொலைக்கும் இட்டுச்செல்வது, வயது வந்தவர்களிடமே முற்றுவது என்ற மூன்று இயல்புகளைக் கொண்டு இந்நோயை மற்றக் கொரியா வகைகளிலிருந்து அவர் பிரித்துக் காட்டினார். ஒரு தலைமுறை தப்பிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நோய் திரும்புவதில்லை என்று அவர் எழுதியது, மெண்டலின் மரபுவிதிகள் பரவலாக அறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. இளம் மருத்துவர் ஒருவருக்கு இவ்வளவு தெளிவு வாய்த்தமைக்குக் காரணம், அவருடைய பாட்டனும் தந்தையும் ஒரே ஊரில் ஒரே குடும்பங்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வந்ததுதான். எந்தப் பெரிய மருத்துவமனையும் தந்திருக்க முடியாத அறிவை ஒரு சிற்றூரின் தொடர்ச்சி தந்தது.

அந்த ஊரில் நோயாளிகள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஆலிஸ் வெக்ஸ்லர் 2008இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஃபீபி ஹெட்ஜஸ் என்ற பெண் தமக்கும் அந்நோய் வந்துவிட்டது என்ற அச்சத்தில் 1806ஆம் ஆண்டு கடலுக்குள் நடந்து உயிர்விட்டதிலிருந்து நூல் தொடங்குகிறது. ஆகையால் அங்கு எல்லோரும் அமைதியாக வாழ்ந்தனர் என்று அழகுபடுத்திச் சொல்ல இடமில்லை. நோயுள்ள குடும்பங்களில் அதைப் பற்றிய பேச்சே எழாது என்றும், தவிர்க்கவே முடியாதபோது பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்வர் என்றும் ஹண்டிங்டனே குறித்திருந்தார். ஆயினும் அக்குடும்பங்கள் நிலம் வைத்திருந்தன. தேவாலயத்திலும் ஊர்ப் பொறுப்புகளிலும் பங்குகொண்டன. அண்டைக் குடும்பங்களோடு மணவுறவு கொண்டன. நோய் ஒரு குடும்பத்தின் பல இயல்புகளுள் ஒன்றாக மட்டுமே அங்கு எண்ணப்பட்டது என்பதும், அதுவே அக்குடும்பத்தின் முழு அடையாளம் என்ற எண்ணம் பின்னரே வெளியிலிருந்து வந்தது என்பதும் வெக்ஸ்லரின் முடிவு.

வெளியிலிருந்து வந்த அந்த எண்ணம் அறிவியலின் பெயரால் வந்தது. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் மேம்படுத்தலாம் என்று வாதிட்ட இனமேம்பாட்டுக் கொள்கையினருள் முதன்மையானவரான சார்ல்ஸ் டேவன்போர்ட், எலிசபெத் மன்சியின் களப்பணியைக் கொண்டு 1916இல் 962 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டு, இக்குடும்பங்கள் பெருகுவதை அரசு தடுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அதைப் பயன்படுத்தினார். 1932இல் மற்றொரு மருத்துவர் இந்நோயாளிகளின் முன்னோரைப் பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்களோடு இணைத்து எழுதினார். பிற்காலத்தில் ஆதாரமற்றது என்று காட்டப்பட்ட அக்கதை நெடுங்காலம் மருத்துவ நூல்களில் உலவியது. 1933 ஜூலையில் நாஜி ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் பட்டியலிட்ட நோய்களுள் ஹண்டிங்டன் கொரியாவும் ஒன்று. ஊர் தன் குடும்பங்களை அறிந்திருந்ததும் குடும்ப மரங்களின் வழியேதான். அரசு அவர்களைத் தேடிப் பிடித்ததும் அதே மரங்களின் வழியேதான்.

எனவே குடும்பங்கள் மௌனத்தைத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. பாட்டி மனநோயால் இறந்தார் என்றும், தாத்தா குடித்துக் கெட்டார் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. திருமணப் பேச்சு நின்றுவிடக் கூடாதே, வேலை போய்விடக் கூடாதே என்ற அச்சம் அப்பொய்களைக் காத்தது. இந்த அச்சம் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதன்று. ஹண்டிங்டன் நோயைப் போலவே சி.ஏ.ஜி. வரிசை நீள்வதால் வரும் மற்றொரு பரம்பரை நோயான முதலாம் வகை முதுகுத்தண்டு, சிறுமூளைத் தள்ளாட்ட நோய் தமிழகத்தில் உள்மணம் புரியும் ஒரு சமூகத்தாரிடையே மிகுந்து காணப்படுவதை 2005இல் நரம்பியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். மறைப்பது ஒரு தலைமுறையின் திருமணத்தைக் காப்பாற்றலாம்; ஆனால் மறைத்த ஒவ்வொரு குடும்பமும் உலகில் தான் மட்டுமே இப்படி என்று நம்பி வாழ்கிறது. அரிய நோயின் தனிமையில் எண்ணிக்கையின் பங்கு பாதி என்றால், மறைப்பின் பங்கு மறுபாதி.

அந்த மறைப்பை முதலில் பெரிய அளவில் உடைத்தது அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் வாழ்வும் சாவும். 1952இல் நோய் உறுதிசெய்யப்பட்ட அவர், 1956 முதல் நியூஜெர்சி மாநிலத்தின் கிரேஸ்டோன் பார்க் மனநல மருத்துவமனையிலும் பின்னர் நியூயார்க் மருத்துவமனைகளிலும் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கிரேஸ்டோனில் இருந்த காலத்தில் அவருடைய பாடல்களை விரும்பிய கிளீசன் தம்பதியர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஈஸ்ட் ஆரஞ்சில் இருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தனர். நண்பர்களும் இளம் பாடகர்களும் அங்கே கூடி அவருடைய பாடல்களை அவருக்கே பாடிக் காட்டினர். 1961இல் அவ்வாறு வந்தவர்களுள் அப்போது பெயர் பெற்றிராத பாப் டிலனும் ஒருவர். கத்ரியால் கிதார் வாசிக்கவோ தெளிவாகப் பேசவோ இயலாமல் போயிருந்தது. எனினும் அந்த அறையில் அவர் நோயாளியாக அமரவில்லை. பாடல்களின் ஆசிரியராகவே அமர்ந்திருந்தார். சிகிச்சை எதுவும் இல்லாத ஒருவருக்கு அவருடைய பழைய இடத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது எத்தகைய உதவி என்பதற்கு அந்த ஞாயிறுகளைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1967 அக்டோபரில் கத்ரி இறந்தார். மணவிலக்குக்குப் பின்னும் அவரைப் பார்த்துக்கொண்டவர் மார்த்தா கிரஹாமின் குழுவில் ஆடிய நடனக் கலைஞரான மார்ஜரி கத்ரி. அவர் அதே ஆண்டில் இந்நோய்க் குடும்பங்களைத் தேடித் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னர் அமெரிக்க ஹண்டிங்டன் நோய்ச் சங்கமாக வளர்ந்தது. ஊர் ஊராகச் சென்று பேசிய அவருடைய கூட்டங்களில், ஒரே நகரில் சில மைல் தொலைவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டன. அமெரிக்க நாடாளுமன்றம் இந்நோய்க்கென அமைத்த ஆணையத்துக்கு அவரே தலைவரானார். நாடெங்கும் குடும்பங்களின் சாட்சியங்களைக் கேட்டு அந்த ஆணையம் 1977இல் அறிக்கை அளித்தது. ஆணையத்தின் நிர்வாக இயக்குநராகப் பணியாற்றியவர் ஆலிஸ் வெக்ஸ்லரின் தங்கை நான்சி வெக்ஸ்லர் என்ற உளவியலாளர்.

வெக்ஸ்லர் சகோதரிகளின் தாயான லியோனோர், 1968இல் ஒரு காலை வேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருவைக் கடக்கும்போது, காலையிலேயே குடித்திருப்பதாக ஒரு காவலரால் கடிந்துகொள்ளப்பட்டார். அதன் பின்னரே அவருக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவருடைய தந்தையும் மூன்று சகோதரர்களும் அதே நோயால் மாண்டவர்கள். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் 1950களில் பணியாற்றிய அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவரும், தள்ளாடி நடந்த மக்களை முதலில் குடிகாரர்கள் என்றே எண்ணினார். அவர்கள் தங்கள் துன்பத்தை ‘எல் மால்’, அதாவது கேடு, என்று சொல்வதை அறிந்த பிறகே அது ஹண்டிங்டன் நோய் என்று உணர்ந்து 1955இல் எழுதினார். 1972இல் ஓஹையோவில் நடந்த நூற்றாண்டுக் கருத்தரங்கில் அவருடைய மாணவர் ஒருவர் காட்டிய படத்தின் மூலம், உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இந்நோயாளிகள் திரண்டு வாழும் சிற்றூர்கள் அந்த ஏரிக்கரையில் இருப்பதை மற்ற நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர்.

1981 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான்சி வெக்ஸ்லரின் குழு ஆண்டுதோறும் அங்கே சென்றது. அமெரிக்கர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை அம்மக்கள் நம்பவில்லை. இரத்தம் கொடுக்கவும் தயங்கினர். தம் தாய்க்கும் இதே நோய் என்று வெக்ஸ்லர் சொன்னதும், ஆய்வுக்காக வெக்ஸ்லரின் கையிலிருந்து தோல் எடுத்த தழும்பைக் குழுவின் செவிலியர் ஒருவர் எல்லோருக்கும் காட்டியதுமே அத்தயக்கத்தைக் கரைத்தன. பத்துத் தலைமுறைகளில் 18,000க்கும் மேற்பட்டோர் அடங்கிய குடும்ப மரம் அங்கு தொகுக்கப்பட்டது. அதன் துணையோடு ஜேம்ஸ் குசெல்லாவின் குழு 1983இல் மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது; பல ஆய்வகங்கள் இணைந்த குழு 1993இல் மரபணுவையே கண்டெடுத்தது. முன்பு குடும்ப மரங்கள் வேட்டைக்குப் பயன்பட்டன. இம்முறை அதே மரங்களை வரைந்தவர் அவற்றுள் தாமும் ஒரு கிளையாக இருந்தார். அறிவியல் நடந்த முறையில் அது பெரிய வேறுபாடு.

மரபணு தெரிந்ததும் புதிய சிக்கல் பிறந்தது. அறிகுறி ஏதுமில்லாத இளைஞர் ஒருவர், தமக்கு இந்நோய் வருமா என்பதை ஒரு துளி இரத்தத்தால் அறிந்துகொள்ளலாம். வருவதைத் தடுக்க மட்டும் எதுவும் செய்ய முடியாது. அத்தகைய அறிவு யாருக்கு, எப்போது, எவ்வாறு தரப்பட வேண்டும் என்பதை மருத்துவர்கள் தனித்து முடிவு செய்யவில்லை. நோய்க் குடும்பங்களின் பன்னாட்டுச் சங்கமும் உலக நரம்பியல் கூட்டமைப்பின் ஆய்வுக் குழுவும் சேர்ந்து வகுத்து 1994இல் வெளியிட்ட நெறிமுறைகள், சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை, உடன்வர ஒரு துணை, எந்தக் கட்டத்திலும் விலகும் உரிமை, வயது வராதோருக்குச் சோதனை கூடாது என்ற வரம்பு ஆகியவற்றை முன்வைத்தன. நோயாளிகளின் அனுபவத்திலிருந்து எழுந்த இந்நெறிகள் பிற பரம்பரை நோய்களுக்கும் முன்மாதிரியாயின. பல மேலை நாடுகளில் ஆபத்தில் இருப்போருள் சிறுபான்மையினரே இச்சோதனையைச் செய்துகொள்கின்றனர். மற்றவர்கள் அறியாமையில் உழல்கிறார்கள் என்று எண்ணுவது தவறு. தெரிந்துகொள்ளாமல் வாழ்வதும் ஆராய்ந்தெடுத்த முடிவாக இருக்கலாம் என்பதை இச்சமூகம் ஏற்றுக்கொண்டுள்ளது. சோதித்தவரும் சோதிக்காதவரும், மரபணு உள்ளவரும் தப்பியவரும், இரத்த உறவே இல்லாத மனைவியரும் கணவரும் ஒரே கூட்டத்தில் அமர்வதற்கு அந்த ஏற்பு அடிப்படையாக உள்ளது. உடன்பிறந்தார் நோயுறத் தான் மட்டும் தப்பியதற்காகக் குற்றவுணர்வு கொள்பவருக்கு வேறெங்கும் அந்த உணர்வைச் சொல்ல இடமில்லை.

அன்றாட வாழ்வின் நுட்பங்களும் இத்தகைய கூட்டங்களில்தான் கைமாறுகின்றன. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும், ஏனெனில் நோயாளிக்குப் புரிகிறது, விடை வெளிவரத்தான் நேரமாகிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதைவிட இதுவா அதுவா என்று கேட்பது எளிது. நாளின் ஒழுங்கு மாறாதிருந்தால் சினம் குறைகிறது. ஓயாத அசைவினாலும் நோயினாலும் உடல் மெலிவதால் வழக்கத்தைவிட மிகுதியான உணவு தேவை, விழுங்குவது கடினமாவதால் அது குழைவாகவும் நீர்மங்கள் கெட்டியாக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்பன போன்றவை குடும்பங்கள் பட்டறிந்து மருத்துவர்களும் வழிமொழிந்தவை. கொரியாவைத் தணிக்கும் டெட்ராபெனசின் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2008இல் ஒப்புதல் அளித்தது. அது அசைவைக் குறைக்குமேயன்றி நோயின் போக்கை நிறுத்தாது. மனச்சோர்வுக்கும் சினத்துக்கும் உரிய மருந்துகள் பயன் தருகின்றன. ஆனால் எந்த மருந்தும் உணவு மேசையில் நோயாளியின் விடைக்காகக் காத்திருக்காது. பள்ளி செல்லும் வயதில் தந்தைக்கு ஊட்டிவிடும் பிள்ளை, தன் எதிர்காலமாக இருக்கக்கூடியதையே கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்து, இளையோருக்கெனத் தனிப் பன்னாட்டு அமைப்பு ஒன்று 2012இல் தொடங்கப்பட்டது. தன் வயதினர் இன்னொருவருக்கும் இதுவே வீட்டு நிலை என்று அறிவது அப்பிள்ளைக்குப் பெரும் ஆறுதல்.

எனினும் சமூகம் என்ற சொல்லை நல்லெண்ணத்தின் மறுபெயராக மட்டும் கொண்டால் மரக்காய்போவின் கணக்கு தீராது. உலகெங்கும் இன்று செய்யப்படும் மரபணுச் சோதனைக்கு வழி திறந்தது அந்த ஏரிக்கரை மக்களின் இரத்தம். ஆனால் அவர்கள் வறுமையிலேயே தொடர்ந்தனர். நோயாளிகளுக்கென அங்கு நடந்த இல்லம் பின்னாளில் மூடப்பட்டது; வெனிசுவேலாவின் பொருளாதார வீழ்ச்சியில் உணவே அரிதானபோது, மிகுதியான உணவு தேவைப்படும் இந்நோயாளிகள் முதலில் பாதிக்கப்பட்டனர். 2017 மே 18 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் பல நாட்டு ஹண்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்தபோது, தென்னமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கிருந்தன. இனி மறைந்து வாழ்வதில்லை என்பதே அந்நிகழ்வின் முழக்கமாக இருந்தது. மறைப்பிலிருந்து வெளிவருவது முதற்படி. வெளிவந்தவருக்கு உணவும் மருந்தும் பராமரிப்பும் கிடைப்பதே உண்மையான ஏற்பு.

நான்சி வெக்ஸ்லர் தமக்கு மரபணு உண்டா என்பதைப் பல்லாண்டுகள் பொதுவெளியில் பேசவில்லை. 2020இல், 74ஆம் வயதில், தாமும் இந்நோயோடு வாழ்வதாக அறிவித்தார். 2025 செப்டம்பரில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்தப்படும் ஒரு மரபணுச் சிகிச்சை சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் நோயின் வேகத்தைப் பெரிதும் குறைத்ததாக அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்துள்ளது. பல மணிநேர அறுவை தேவைப்படும் இச்சிகிச்சை பயன்பாட்டுக்கு வந்தாலும், அதன் விலையும் அதற்கான வசதியும் யாருக்கு எட்டும் என்ற கேள்வி உடன் வருகிறது. ஈஸ்ட் ஹாம்ப்டன் தன் நோயாளிகளுக்கு நிலத்தையும் மணவுறவையும் மறுக்காதிருந்தது. கிளீசன் வீடு ஒரு பாடகருக்கு அவருடைய பெயரை மறுக்காதிருந்தது. 1994இன் நெறிமுறைகள் அறியாதிருக்கும் உரிமையை மறுக்காதிருந்தன. இவை மூன்றும் நோயைக் குணப்படுத்தவில்லை, ஆனால் நோயாளி தம் வாழ்வின் முடிவுகளைத் தாமே எடுக்கக்கூடிய எல்லையை இயன்றவரை விரித்தன. நோயோடு நன்றாக வாழ்தல் என்பதற்கு அந்த எல்லையின் விரிவைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. இனி வரும் சிகிச்சையையும் அந்த அளவுகோலால் அளக்க வேண்டுமெனில், அது முதலில் இரத்தம் கொடுத்தவர்களின் கரையை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.